ஆட்சேபணை இல்லை

கோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்தில் மூன்றாவது கடை கோட்டு அக்காவுடையது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள மேஜை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிமேல் ஒரு வெள்ளைத் துணி, மூலையில் தையல் மிஷின், சுவரோரமாக ஒரு இரும்புக் கம்பி. அந்தக் கம்பியில் வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகளும் கவுன்களும் வரிசையாகத் தொங்கும். ஊர் வக்கீல்களில் பாதிப் பேருடைய கௌரவம் அக்காவின் கம்பியில்தான் தொங்குகிறது என்று அவள் தம்பி சொல்வான். மீதிப் பேர் கோட்டைத் துவைப்பதே கிடையாது என்பாள் அவள்.

கறுப்புக் கோட்டை இஸ்திரி போடுவது வெள்ளைச் சட்டை மாதிரி இல்லை. பெட்டியை நேரே வைத்தால் துணி பளபளவென்று ஆகிவிடும். பளபளத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற வக்கீலைப் பார்த்தால் கட்சிக்காரனுக்கே நம்பிக்கை போய்விடும். ஈரத்துணியை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போக வேண்டும். கழுத்துப் பட்டையில் பவுடரும் வேர்வையும் சேர்ந்து படிந்திருப்பதை வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பைகளைத் துழாவிப் பல்குச்சி, இருமல் மிட்டாய், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். டப்பாவைக் கேட்டு வந்தவர் இதுவரை யாரும் இல்லை.

அந்த வருஷம் மழை தள்ளிப் போயிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மேஜையின் சூடும் மேலே கூரையின் சூடுமாக அவள் நடுவில் வெந்துகொண்டிருந்தாள். வேலையும் இல்லை. வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்து வாரக்கணக்காகிவிட்டது. இஸ்திரி போட்ட கோட்டுகள் போட்டபடி கம்பியில் கிடக்க, வக்கீல்கள் வெறும் சட்டையோடு கோர்ட் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம், சட்டசபையில் வரப்போவதாகச் சொல்லப்பட்ட ஒரு மசோதா. எந்த வழக்குக்கும் மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. பத்து வருஷம் தாண்டிய வழக்குகளை ஒரு வருஷத்துக்குள் முடித்தே ஆக வேண்டும். மக்கள் பிரதிநிதிகள்மேல் இருக்கும் வழக்குகள் முதலில் எடுக்கப்படும். குற்றம் உறுதியானால் அவர்கள் தேர்தலில் நிற்க முடியாது. முதல் விஷயம் வக்கீல்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது விஷயம் அரசியல்வாதிகளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வக்கீல்கள் வாய்விட்டுக் கத்தினார்கள், அரசியல்வாதிகள் மேடையேறி வரவேற்றார்கள். நடுவில் இருக்கிற இரண்டாவது விஷயத்தைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. கோட்டு அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது விஷயம்தான்.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் சங்கிலி அறுந்து, தூக்கிய பெட்டி ஊசலாடி அவர் உட்கார்ந்திருந்த கூண்டிலேயே வந்து இடித்தது. ஆளை இறக்கும்போது உயிர் இல்லை. சங்கிலி பழசு என்று எல்லாருக்கும் தெரியும். கம்பெனியோ, ஓட்டியவர் குடித்திருந்தார் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனுஷன் அவர். "பாவம், குடிச்சிருந்தாராமே" என்று தெருவில் ஆறுதல் சொன்னவர்களுக்கு அவள் முதலில் மறுப்புச் சொன்னாள், பிறகு சண்டை போட்டாள், அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டாள். நஷ்டஈடு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அவர் குடித்திருக்கவில்லை என்று ஒரு நீதிபதி தன் வாயால் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அவளுக்கு இந்த ஒரு ஆசைதான்.

வழக்கை நடத்துவது அவள் தம்பி. புருஷன் போனதிலிருந்து தம்பி வீட்டு மாடியறையில்தான் அவள் இருக்கிறாள். தம்பி நல்லவன், அக்காமேல் உயிரையே வைத்திருப்பவன். தொழிலில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாய்தா வக்கீல். தோற்கிற வழக்கைத் தோற்காமல் இழுத்துக்கொண்டே போவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்ட வீட்டுக்காரர் செத்து, அவர் மகனுக்குத் தலை நரைத்த பிறகும் அதே வீட்டில் குடியிருக்கிற குடும்பங்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிடும்.

அக்காவின் வழக்கில்தான் அவன் கைவரிசை எடுபடவில்லை. கம்பெனிக்கு ஆஜராகிறவர் வெள்ளிமுடி வக்கீல். விசாரணைத் தவணை வரும்போதெல்லாம் தம்பி சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அவன் வாய்தா வாங்கிட்டான்க்கா" என்பான். அவள் வெள்ளிமுடியை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே வெள்ளிமுடியின் கோட்டுக்கு இஸ்திரி போடுவாள். கோட்டு என்ன பாவம் செய்தது என்று அதை மட்டும் ஒழுங்காகவே போடுவாள். அவளை அவன் கோர்ட்டுக்கு வரவிட்டதில்லை. "நீ வந்து என்ன பண்ணப் போற, வெயில்ல. நான்தான் இருக்கேனே" என்று தடுத்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மெம்பர் சாப்பிட வந்தார். மெம்பர் என்றால் சட்டசபை உறுப்பினர். தம்பி பெண்டாட்டிக்குக் கூடப் பிறந்த அண்ணன். மசோதாவைப் பரிசீலிக்கிற குழுவில் அவரும் ஒருவர். மீன் வறுவலும் சோறும் பரிமாறி, தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நின்று விசிறினாள். மின்சாரம் போயிருந்தது.

"மாப்பிள்ளை, ஒரு உதவி வேணும்" என்றார் மெம்பர், முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே.

"உங்க நிலத்து கேஸுதானே மச்சான்? அது பத்திரமா தூங்குது. எழுப்பாதீங்க."

"அது இல்ல. மசோதா விஷயம். குழு முன்னாடி ஒரு வக்கீலாவது சாட்சி சொல்லணும்னு விதி. உங்க சங்கம் ஆள் அனுப்ப முடியாதுன்னுடுச்சு. நீ வந்து சொல்லேன். வாய்தா எப்படி வாங்கறாங்க, எந்த ஓட்டையை எப்படி அடைக்கணும்னு உன்னை விட யாருக்குத் தெரியும்?"

தம்பி சிரித்தான். "என்னைச் சங்கத்துல இருந்து தூக்கிடுவாங்க மச்சான்."

"தூக்கினா சேர்த்துக்குவாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்."

"அண்ணா, உங்களுக்கு என்ன வந்தது?" என்று தம்பி பெண்டாட்டி விசிறியை நிறுத்தினாள். "இந்த வீட்டு அடுப்பு எரியறதே அந்த வாய்தாவுலதான். இவர் போய் அதை அணைச்சுட்டு வரணுமா? உங்க கேஸையே இவர்தான் நடத்தறாரு. நடத்தறாருன்னு கூடச் சொல்லக் கூடாது, நடக்கவிடாம வெச்சிருக்காரு. சட்டம் வந்தா முதல்ல உள்ள போறது நீங்கதான்."

"அதான் நானே கொண்டு வர்றேன்னு சொல்றேன். அப்பதான் ஜனங்க நம்புவாங்க" என்று மெம்பர் தண்ணீர் குடித்தார். "தேர்தல் வருதும்மா. நாங்க முயற்சி பண்ணோம்னாவது சொல்லணும்ல."

"முயற்சி பண்ணோம்னு சொல்லணுமா, இல்ல நடக்கணுமா?"

"ரெண்டும்தான்" என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

குழம்புக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றிருந்த கோட்டு அக்கா மெம்பரைக் கேட்டாள். "பத்து வருஷத்துக்கு மேல போன கேஸெல்லாம் ஒரு வருஷத்துல முடியும்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

"நிஜம்தான்க்கா. மசோதாவுல இருக்கு."

"எங்க கேஸும் அதுல வருமா?"

"கண்டிப்பா வரும். ஆனா ஒண்ணு. வர்ற வியாழக்கிழமைதான் குழுவோட கடைசிக் கூட்டம். அன்னைக்கு வக்கீல் சாட்சி பதிவாகி எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் சபைக்குப் போகும். தவறினா சபையைக் கலைச்சுடுவாங்க, தேர்தல் வந்துடும். மசோதா செத்துடும். அடுத்து யாரு வர்றாங்களோ, எப்போ எடுக்கறாங்களோ."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தட்டைப் பார்த்தான்.

"சிக்னல் அண்ணன் இருமறதைக் கேட்டியா நீ?" என்றாள் அவள். சிக்னல் அண்ணன் அவள் புருஷனோடு வேலை செய்தவர். அன்றைக்குக் கிரேனுக்குக் கீழே நின்று கொடி காட்டியவர் அவர்தான். இருக்கிற ஒரே சாட்சியும் அவர்தான். தவணைதோறும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போவார். இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அவரும் போய்ட்டா, அப்புறம் யாரு வந்து சொல்லுவாங்க? நான் சொன்னா பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுடுவாங்க."

"போறேன்க்கா" என்றான் தம்பி. "உனக்காகப் போறேன்."

தம்பி பெண்டாட்டி மறுபடி விசிற ஆரம்பித்தாள், கொஞ்சம் வேகமாகவே. "நல்லா போங்க. அண்ணிக்காகன்னா நான் என்ன சொல்ல முடியும்?" என்றாள். அதில் கோபமும் இருந்தது, சம்மதமும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகை. தம்பி கடைக்குள் டீ டம்ளரோடு இங்குமங்கும் நடந்தான். இரண்டு அடி இந்தப் பக்கம், இரண்டு அடி அந்தப் பக்கம். அதற்குமேல் கடையில் இடமில்லை. வியாழக்கிழமைக்கு அவன் போட வேண்டிய கோட்டைத்தான் அக்கா மேஜையில் விரித்திருந்தாள். இந்த ஊரில் அவளைப் போலச் சந்தோஷமாக அன்றைக்கு யாரும் இஸ்திரி போட்டிருக்க மாட்டார்கள்.

"காய்ச்சல். இது ஆரம்பப் பாடம்" என்று அவன் விரலை மடக்கினான். "வக்கீலுக்குக் காய்ச்சல், வக்கீல் பொண்டாட்டிக்குக் காய்ச்சல். சீனியர் வேற கோர்ட்டுல இருக்கார். குடுத்த நகல் சரியாத் தெரியல. கட்சிக்காரர் ஊர்ல இல்ல. அப்புறம், ஜூனியரை அனுப்பி 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா'ன்னு சொல்ல வைக்கறது. அவனுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது, அதனால அது நல்லா எடுபடும். கோட்டு இஸ்திரிக்குப் போயிருக்கு, வரலன்னும் சொல்லுவோம்."

"அடப்பாவிங்களா! என் தலையையும் உருட்டியிருக்கீங்களா?"

"உன் பேரைச் சொன்னா நீதிபதியே நம்பிடுவார்க்கா. நீ அவ்வளவு நாணயம்."

அவள் சிரித்துவிட்டாள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவன் கொஞ்சம் அசந்துவிட்டான்.

"ஆனா இதெல்லாம் சும்மாக்கா. காரணத்தை எவன் கேக்கறான்? நீதிபதி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார். எதிர்த்தரப்பைப் பார்த்து, ஆட்சேபணை உண்டாம்பார். இல்லைன்னு சொன்னா முடிஞ்சுது, அடுத்த தேதி. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவோம். அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. இன்னைக்கு அவன் கேக்கறான், நான் இல்லைங்கறேன். நாளைக்கு நான் கேப்பேன், அவன் இல்லைம்பான். ஆட்சேபணை உண்டுன்னு ஒருத்தன் சொன்னா அப்புறம் அவன்கூட ஒருத்தனும் டீ குடிக்க மாட்டான். உண்மையைச் சொன்னா, இந்த ஒரு பழக்கத்தை ஒழிச்சா மசோதாவே வேண்டாம்."

பெட்டி நின்றது. ஈரத்துணியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"வெள்ளிமுடி கேட்டப்போ?" என்றாள்.

தம்பிக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது. டம்ளரைத் தையல் மிஷின்மேல் வைத்தான்.

"நம்ம கேஸுல, வெள்ளிமுடி வாய்தா கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

"அக்கா, அது தொழில் வழக்கம்..."

"என்ன சொன்னே?"

"ஆட்சேபணை இல்லைன்னுதான்."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்தான்க்கா."

துணி தீய்ந்த வாசனை வந்தது. அவள் பெட்டியைச் சட்டென்று தூக்கினாள். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே கிடந்த ஈரத்துணிதான் பழுப்பாகிவிட்டது. அதை எடுத்து உதறி, வேறு துணியை நனைத்துப் பிழிந்து விரித்தாள்.

"எங்கிட்ட வந்து, அவன் வாய்தா வாங்கிட்டான்னு சொன்னே."

"வாங்கினது அவன்தானேக்கா."

"குடுத்தது?"

வெளியே டீக்கடையில் யாரோ பெஞ்சை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் தப்பான கோட்டைப் பார்த்துத் திட்டியது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"சரி" என்றாள் கடைசியில். "வியாழக்கிழமை அங்க போய் இதைச் சொல்லு. காய்ச்சல், நகல் எல்லாம் அப்புறம் வெச்சுக்க. எங்கிட்ட இப்போ சொன்னே பாரு, அதை அப்படியே சொல்லு. போதும் எனக்கு."

"சொல்றேன்க்கா. சத்தியமா சொல்றேன்."

அப்போது அவன் நிஜமாகத்தான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை.

குழு கூடியது நகராட்சி மண்டபத்தில். வாசலில் வக்கீல்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி உள்ளே போகும்போது கோஷம் நின்றுவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம். எல்லாரும் பார்த்தார்கள், அவ்வளவுதான். பின்னாலேயே ஒரு பத்துப் பேர் உள்ளே வந்து முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் வெள்ளிமுடி. எல்லாரும் கோட்டோடு வந்திருந்தார்கள். அத்தனையும் கோட்டு அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தவை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு முதுகுத் தையல்களைப் பார்த்தே யார் யார் என்று தெரிந்தது.

மேடையில் நீள மேஜைக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள். நடுவில் தலைவர். அவர் அரசியலுக்கு வருவதற்குமுன் இருபது வருஷம் வக்கீலாக இருந்தவர். மெம்பர் ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி கடகடத்தது.

தலைவர் காகிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தார். "எடுத்துக்கலாமா?" என்றார்.

கோர்ட்டில் நீதிபதி கேட்கிற அதே வார்த்தை. அதே மாதிரி சலிப்பு. தம்பி எழுந்தான். கை தானாகக் கோட்டின் நடுப் பொத்தானுக்குப் போனது. உடம்பு லேசாக முன்னால் வளைந்தது.

"ஐயா, ஒரு சிறு கால அவகாசம் வேண்டும்" என்றான்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பியின் முகம் வெளிறியது. "இல்லைங்க ஐயா, இல்லை, நான் தயார், நான் தயாரா இருக்கேன்" என்றான். ஆனால் முன்வரிசைச் சிரிப்பில் அது பாதிதான் கேட்டது.

தலைவருடைய முகத்தில் சலிப்பு போய்த் தெளிவு வந்தது. வேலை சுலபமாக முடிந்துவிட்டவரின் தெளிவு. "சாட்சி அவகாசம் கேட்கிறார்" என்று இரண்டு பக்கமும் திரும்பினார். "உறுப்பினர்கள் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"இல்லை" என்றார் ஒருவர். "ஆட்சேபணை இல்லை" என்றார் அடுத்தவர். வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மெம்பரின் முறை வந்தது. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "இல்லை" என்றார்.

கோட்டு அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "எனக்கு உண்டு" என்றாள்.

அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது ஒரு செருமல் அளவுக்குத்தான் கேட்டது. சேவகர் ஓடி வந்தார். "பார்வையாளர் பேசக் கூடாதும்மா, உக்காருங்க" என்றார் மரியாதையாகவே. அவர் சீருடைக்கு இஸ்திரி போடுவதும் அவள்தான்.

கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. அந்த வாரமே சபையைக் கலைத்துவிட்டார்கள். மசோதா செத்தது. வக்கீல்கள் பந்தலைப் பிரித்துவிட்டுக் கோர்ட்டுக்குத் திரும்பினார்கள். தம்பியைச் சங்கத்திலிருந்து யாரும் தூக்கவில்லை. தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள். பழைய கில்லாடி, குழுவுக்கே வாய்தா வாங்கிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். மெம்பர் தேர்தல் மேடைகளில், மக்களுக்காகக் கடைசிவரை போராடியதாகச் சொல்லி வந்தார். அது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

அன்று மண்டபத்திலிருந்து திரும்பிய மதியமே அக்கா கேட்டாள்.

"தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

தம்பி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வாய் தானா சொல்லிடுச்சுக்கா. அவர் எடுத்துக்கலாமான்னார், சொல்லிடுச்சு. சத்தியமா வேணும்னு சொல்லல."

"வாய் தானா சொல்ற அளவுக்குப் பழக்கினது யாரு?"

"நான்தான்."

"முன்னாடி அவங்க உக்காந்திருந்தாங்களே, அதனால இல்லையே?"

இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு அவன் சொன்னான். "அது எனக்கே தெரியலக்கா."

தம்பி பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து நின்றாள். ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்று சொன்னவள் அவள். சொல்லிக் காட்ட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. "அண்ணி, சாப்பிட வாங்க" என்றாள்.

அக்கா சாப்பிட்டாள், கடைக்குப் போனாள், வந்தாள். தம்பியோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவன் கோட்டையும் தொடவில்லை. கொண்டு வந்து மேஜையில் வைத்தால் அதை எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டு அடுத்தவர் கோட்டை விரிப்பாள். நாலைந்து நாளில் அவன் கோட்டு கசங்கிப்போயிற்று. "என்ன வக்கீலய்யா, கோட்டு அக்கா கடையிலயும் ஸ்டிரைக்கா?" என்று வக்கீல்கள் கூடும் பார் ரூமில் கேலி செய்தார்கள். அவன் சிரித்து மழுப்பினான்.

மழை ஆரம்பித்திருந்தது. தகரக் கூரைமேல் தடதடவென்று கொட்டி, சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வக்கீல்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு செங்கல் செங்கலாகத் தாண்டி வந்தார்கள். நனைந்த கோட்டுகளால் கடை முழுக்க ஈர நாற்றம். அவளுக்குத் தலை நிமிர நேரம் இல்லை.

அவள் வழக்குக்குத் தவணை வந்த அன்று காலையில் தம்பி மாடியறைக் கதவைத் தட்டினான். கோட்டு போட்டிருந்தான். கசங்கல் இல்லை. அதற்குப் பதிலாக வலது பக்க மார்பில் உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று ஒரு கறை. வீட்டிலிருந்த பெட்டியை நேராகத் துணிமேலேயே வைத்துத் தானே தேய்த்திருக்கிறான். முட்டாள், ஒரு ஈரத்துணி போடக்கூடத் தெரியவில்லை என்று அவளுக்கு மனசு ஒரு பக்கம் கொதித்தது.

"இன்னைக்கு நீயும் கோர்ட்டுக்கு வாக்கா" என்றான்.

கோர்ட் அறையில் ஜன்னலோரம் வாளி வைத்திருந்தார்கள், கூரை ஒழுகியது. சிக்னல் அண்ணன் கடைசி பெஞ்சில் துவைத்த சட்டையோடு உட்கார்ந்து கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வழக்கைக் கூப்பிட மதியம் ஆகிவிட்டது.

வெள்ளிமுடி எழுந்தார். கோட்டு கச்சிதமாக இருந்தது. "ஐயா, மழை காரணமாக எங்கள் அதிகாரி வர இயலவில்லை. ஒரு வாய்தா வேண்டுகிறேன்" என்றார்.

நீதிபதி அடுத்த வழக்குக் கட்டை இழுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "எதிர்த்தரப்பு ஆட்சேபணை இல்லை" என்றார். கேட்கிற வழக்கம்கூடப் போய்விட்டிருந்தது. பெஞ்ச் கிளார்க் தேதியைப் போடத் தொடங்கியிருந்தார்.

தம்பி எழுந்தான். கை பொத்தானுக்குப் போனது. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பொத்தானை விட்டு இறங்கி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஆட்சேபணை உண்டு, ஐயா."

கிளார்க்கின் பேனா நின்றது. பின்னால் பேசிக்கொண்டிருந்த வக்கீல்கள் திரும்பினார்கள். வெள்ளிமுடி, தம்பியைப் பார்த்தார். தெருவில் யாரோ அறிமுகமில்லாத ஆள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல முழித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஆட்சேபணை உண்டு என்றேன், ஐயா. பதினோரு வருஷமாக எல்லா வாய்தாவுக்கும் சம்மதித்தவன் நான்தான். அது என் தவறு. இன்றைக்குச் சம்மதம் இல்லை. இறந்தவர் குடித்திருக்கவில்லை என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர் உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை விசாரித்துவிட வேண்டும்."

சிக்னல் அண்ணன் எழுந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை, இருந்தும் நின்றார்.

நீதிபதி இந்த வழக்கின் கட்டைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். கெட்டவர் இல்லை அவர். அந்தக் கட்டை அவர் இன்னும் படித்திருக்கவில்லை, அதுதான் சங்கடம். கிளார்க் பக்கமாகத் திரும்பிப் பதிவுக்காகச் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது. இறந்தவர்... குடித்திருக்கவில்லை... என்று கூற... சாட்சி... ஆஜராகியிருக்கிறார்." ஒரு மூச்சு விட்டார். "எழுதியாயிற்றா? இந்த ஆட்சேபணையின் மேல் இரு தரப்பு வாதத்தையும் கேட்க, வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது."

வெள்ளிமுடி தலையைக் குனிந்து வணங்கினார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சிக்னல் அண்ணன் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள்.

வராந்தாவில் சிக்னல் அண்ணனோடு நின்றவளின் முன்னால் தம்பி வந்து நின்றான். பார் ரூம் வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். இனி டீ கிடையாது.

"வாய்தாதான்க்கா விழுந்தது" என்றான். "எதிர்த்ததுக்கே ஒரு வாய்தா."

"கேட்டுச்சு."

"நீதிபதி சொன்னாரே, அது தீர்ப்பு இல்ல. நான் சொன்னதை எழுதச் சொன்னார், அவ்வளவுதான். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தெரியும்டா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. "ஆனா அந்த மனுஷன் வாயால சொன்னாரு. அத்தனை பேர் முன்னாடி சொன்னாரு. நானும் கேட்டேன், இவரும் கேட்டாரு."

சிக்னல் அண்ணன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே தலையாட்டினார். "அடுத்த மாசம் என்னைக்குத் தேதி?" என்றார். தம்பி சொன்னான். அவர் மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மழை விடவில்லை. மூவரும் செங்கல்களைத் தாண்டிக் கடைக்கு வந்தார்கள். அக்கா பெட்டிக்குச் சூடு வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த வெள்ளிமுடியின் மற்றொரு கோட்டை எடுத்து ஸ்டூலில் போட்டாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கழட்டு. நெஞ்சுல இவ்வளவு பெரிய பளபளப்போட எந்தத் தைரியத்துல எந்திரிச்சு நின்னே?"

அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தக் கறைமேல் விரித்து, பெட்டியை வைத்தாள். குப்பென்று ஆவி எழுந்தது. எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் மங்கியிருந்தது. முழுசாகப் போகாது. மறுபடி துணியை நனைத்தாள்.